அம்மா முதுகில் வந்த ஜன்னல்

போன மாதம் லுணுகலை வங்கி வாசலில் நான் வாயைத் திறந்ததில் உங்களில் இரண்டு பேருக்கு மனத்தாங்கல் என்று கேள்விப்பட்டேன். வயசு ஏற ஏற இவளுக்கு வாய் நீளுகிறது என்று சொன்னீர்களாம். இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளைக் காம்பராவில், தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் பிள்ளைகளை அதட்டியே பிழைத்தவள் நான். எனக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்? மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதீர்கள். கேட்க மாட்டேன்.

ஆனாலும் நாமெல்லாம் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள், ஒரே லயத்து வரிசை வீட்டுப் புகையைத் தின்றவர்கள். அந்த உறவுக்காக ஒரு விளக்கம் தரலாம். அன்று வரிசையில் நமக்கு முன்னால் நிவாரணப் பணம் எடுக்க ஒரு சின்னப் பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். அவள் கையில் புதுப் போன். உங்களில் ஒருவர், யாரென்று சொல்லப் போவதில்லை, "சோத்துக்குன்னு குடுக்குறாங்க, இதுக போனு வாங்குதுக" என்றீர்கள். அவள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னீர்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அந்தப் பெண் யாரென்றே எனக்குத் தெரியாது. எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் அம்மாவும் அவள் வாங்கிய ஜன்னலும்தான்.

அந்த ஜன்னலை உங்களுக்கும் தெரியும். அதற்குள் தலையை விட்டு பஸ் கண்டக்டர் விளையாட்டு விளையாடியவர்கள்தானே நீங்கள். ஆனால் நீங்கள் வெளியே நின்று பார்த்தீர்கள். நான் வீட்டுக்குள்ளே இருந்தேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அந்த வருஷம் கச்சான் காற்று அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே மாட்டேன் என்றது. மழை இல்லை. கொழுந்து துளிர்க்கவில்லை. மலை முழுக்கக் காய்ந்த சருகு வாசம். தேயிலைச் செடி கறுத்து முறுகிப்போய், பீலித் தண்ணீர் விரல் தடிப்புக்கு வந்து நின்றது. விடியற்காலையில் எல்லோரும் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய் நிற்பார்கள். பாதிப் பேருக்குத்தான் அன்றைக்கு வேலை கொடுப்பார்கள். மீதிப் பேர் வெறுங்கூடையோடு லயத்துக்குத் திரும்புவார்கள். வெறுங்கூடையோடு அம்மா வரும் நாளில் நாங்கள் யாரும் எதுவும் கேட்க மாட்டோம். ரொட்டி சின்னதாக இருக்கும். அதற்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சம்பல் மட்டும் உறைப்பாக இருக்கும்.

நம் காம்பராக்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நாம் மறந்துகொண்டு வருகிறோம். ஒரே அறை, ஒரே கதவு. முன்னால் இஸ்தோப்பு, ஒரு சின்னத் திண்ணை. அதில் பாதியைச் சாக்குக் கட்டி மறைத்து அடுப்பு. அடுப்பு எரிந்தால் புகைக்குப் போக இடம் இல்லை. வீட்டுக்குள் வந்து, எங்கள் துணி, பாய், தலைமுடி, எல்லாவற்றிலும் உட்கார்ந்துவிட்டு, மனம் வந்தால் கதவு வழியாகப் போகும். பின்பக்கம் முழுக் கருங்கல் சுவர். அதில் சாமிப் படங்கள். படங்களே கறுத்துப்போய், எந்தச் சாமி என்று பொட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்போம். என் தம்பிக்கு அப்போது மூன்று வயது. அவனுக்கு இழுப்பு. ராத்திரியில் அவன் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி உறுமுவதுபோலச் சத்தம் வரும். டிஸ்பென்சரியில் கொடுத்த சிவப்பு மருந்துத் தண்ணியைக் குடித்துக் குடித்து அவன் நாக்கு சிவந்ததுதான் மிச்சம்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்த வேண்டும். சம்பள நாள். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சம்பள மேசைக்குப் போவார். அவர் பெயரைக் கூப்பிட்டால் அவர் கையை நீட்டுவார். அம்மா பெயரைக் கூப்பிட்டாலும் அவர்தான் கையை நீட்டுவார். லயம் முழுக்க அதுதான் வழக்கம். கல்யாணமாகாத பெண்ணென்றால் அவளுடைய அப்பா நீட்டுவார். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, அம்மாவுக்கும்தான். எங்கள் அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் குடிப்பார், நிறையக் கவலைப்படுவார். கடைக்காரனுக்குக் கொடுப்பதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சட்டைப் பையில் வைத்து, சட்டையை ஆணியில் மாட்டுவார். அம்மாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கேட்பாள். அவர் கொடுப்பார். அட்டைக் கடியிலும் அடைமழையிலும் கொழுந்தெடுத்த கை, தன் சம்பளத்தைக் கேட்டு வாங்கியது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த வறட்சியில்தான் நிவாரணம் வந்தது. முன்னெல்லாம் நிவாரணம் என்றால் வண்டடித்த கோதுமை மா, பருப்பு. இந்த முறை காசு. யார் கொடுத்தது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அரசாங்கம் என்றார்கள் சிலர், வெளிநாடு என்றார்கள் சிலர். மாதா மாதம் டவுன் தபால் கந்தோரில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும், வீட்டுப் பொம்பளை பெயருக்குத்தான் வரும் என்றும் தோட்டத்தில் அறிவித்தார்கள்.

லயத்து ஆண்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பெயரை மாற்றி எழுதிவிட்டான்கள் என்றார்கள். சம்பள மேசையில் பொம்பளை பெயரைக் கூப்பிட்டால் யார் கை நீட்டுவது என்று தெரியாதவன் எவனோ எழுதியிருக்கிறான், அவ்வளவுதான் என்று முடிவு கட்டினார்கள். காசு கொடுக்கும் நாளன்று எல்லா ஆண்களும் வெள்ளைச் சட்டை போட்டு, சவரம் பண்ணி, ஒன்றாகப் பஸ் ஏறினார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்கப் போவதுபோல இருந்தது. சாயங்காலம் எல்லோரும் ஒன்றாகத் திரும்பி வந்தார்கள். எங்கள் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "பொம்பளைய வரச் சொல்றான்" என்றார். அடுப்படியில் இருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். புகையில் இருமுவதுபோல முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பெண்கள் போனார்கள். அன்றைக்குப் பார்த்துத்தான் மலையில் வேலை இருந்தது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் போனார்கள். அம்மா திருவிழாச் சேலையைக் கட்டினாள். பக்கத்துக் காம்பரா அத்தையும் வந்தாள். பஸ் போர்டு படிக்க என்று என்னையும் கூட்டிப் போனார்கள். தபால் கந்தோரில் கம்பிக்குப் பின்னால் இருந்தவர் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். அம்மா நகரவில்லை. மறுபடி கூப்பிட்டார். அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள். கை நீட்ட யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் அவள் முழங்கையை இடித்தேன். அப்போதுதான் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அந்தக் கை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள், தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகாத கறை.

வாங்கின காசை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையில் முடிந்தாள். பிறகு அவிழ்த்து இடுப்பில் செருகினாள். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அத்தை பயந்துபோய் வாசலிலேயே நின்றாள். அம்மா அவளையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, மூன்று வடையும் மூன்று தேத்தண்ணியும் கொண்டு வரச் சொன்னாள். கொண்டு வந்தவன் அம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டான். டவுனில் அவளை அப்படி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

முதல் மாதம் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி, மிச்சத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டாள். அவர் சட்டைப் பையில் வைத்தார். அவள் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாதம் கடைக் கடனில் ஒரு பங்கைத் தானே போய்க் கொடுத்தாள். அன்று அப்பாவிடம் கொடுத்தது கொஞ்சம்தான். மூன்றாம் மாதம் ஒன்றும் கொடுக்கவில்லை. ஜன்னல் வாங்கினாள்.

டவுன் முனையில் ஒரு பழைய சாமான் கடை இருந்தது. எங்கோ இடித்த பங்களாவின் கதவுகளும் தொட்டிகளும் அங்கே கிடக்கும். முதல் தடவை போகும்போதே அம்மா அந்த ஜன்னலின் முன்னால் நின்றாள். இரண்டாம் தடவை அதைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பலகைக் கதவு, உரிந்துபோன நீலப் பெயின்ட், ஒவ்வொரு கதவின் தலையிலும் ஒரு சின்னக் கண்ணாடி. ஒன்று சாதாரணக் கண்ணாடி, ஒன்று மஞ்சள். மூன்றாம் தடவை நேராகப் போய் விலை கேட்டாள். பேரம் பேசத் தெரியாமல் பேசினாள். கடைக்காரர் சலித்துப்போய்க் குறைத்தார். சட்டத்தையும் கதவுகளையும் சேர்த்துக் கட்டியதைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டான்.

அம்மா யோசிக்கவே இல்லை. கடையில் கயிறு வாங்கி ஜன்னலைக் குறுக்கே கட்டினாள். முந்தானையை மடித்துச் சும்மாடாக்கி நெற்றியில் வைத்து, கயிற்றை அதன்மேல் போட்டு, ஜன்னலை முதுகில் தூக்கினாள். கொழுந்துக் கூடை தூக்குகிற அதே முறைதான். குனிந்த தலை, முன்னால் நீண்ட கழுத்து, ஒரே அளவான நடை. அத்தை பஸ்ஸில் போகாமல் கூடவே நடந்தாள். வழி முழுக்க, "மதினி, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே, பின்னால் ஒரு கையால் ஜன்னலைத் தாங்கிக்கொண்டே வந்தாள். நீங்கள் எல்லோரும் லயத்து முனையில் நின்று கத்திக்கொண்டு ஓடி வந்தீர்கள். மஞ்சள் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்து மஞ்சக்காமாலை என்று கத்தியது உங்களில் யாரென்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஜன்னல் வந்துவிட்டது. வைக்கச் சுவர் இல்லை. இருந்த சுவர் தோட்டத்துச் சுவர். அதில் ஆணி அடிக்கவே அந்தக் காலத்தில் பயப்படுவோம். அப்பா அதைத்தான் சொன்னார். சுவரை உடைத்தால் வேலையை நிறுத்துவார்கள், காம்பராவைப் பிடுங்குவார்கள், ஆடு வாங்கியிருந்தால் குட்டியாவது போடும், ஜன்னல் என்ன போடும் என்று கேட்டார். அவர் பயம் நியாயமான பயம். ஜன்னல் இஸ்தோப்பில் சாய்ந்து கிடந்தது. அதன் வழியாகத்தான் நாம் டிக்கெட் கொடுத்து விளையாடினோம். பீலிக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டு, தினமும் மலையில்தானே நிற்கிறாய், இன்னும் என்னத்தைப் பார்க்கப் போகிறாய் என்று அம்மாவைக் கேட்டார்கள்.

"மலையில நிக்கிறேன். பாக்குறது கொழுந்தத்தான்" என்றாள் அம்மா. "மலைய நான் எங்க பாத்தேன்?"

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். நானும் சிரித்தேன். பத்து வயதில் அது எனக்கு விளங்கவில்லை.

இப்போது ஆட்டுக் கதைக்கு வருகிறேன். காசை என்ன செய்கிறார்கள் என்று பார்க்க பதுளையிலிருந்து ஒரு மிஸ் ஜீப்பில் வருவார். நல்ல பெண். பூப் போட்ட குடை பிடித்து, நம் மூக்கையெல்லாம் துடைத்துவிடுவார். முதல் கூட்டத்திலேயே ஆடு வாங்குங்கள், கோழி வாங்குங்கள், காசு பெருகும் என்று சொல்லியிருந்தார். அந்த வறட்சியில் ஆட்டுக்குப் புல் எங்கே என்று எந்தப் பெண்ணையும் அவர் கேட்கவில்லை. வாங்கியவர்களின் ஆடு இளந்தேயிலைக்குள் போய் மேய்ந்தது. தோட்டத்தில் பிடித்துக் கட்டினார்கள். பாதி ஆடு டவுன் இறைச்சிக் கடைக்குப் போய்விட்டது. மிஸ் மறுபடி வருகிறார் என்று தகவல் வந்ததும் லயத்தில் ஒரே பரபரப்பு. காசு அரிசியாகவும் மருந்தாகவும் ஒரு வீட்டில் காதுகுத்தாகவும் போயிருந்தது. காட்ட ஆடு இல்லை.

அத்தையிடம் ஒரு செவலை ஆடு மிஞ்சியிருந்தது. அன்றைக்கு அந்த ஆடு பட்ட பாடு! மிஸ் ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஓடும் பின்பக்கக் கான் வழியாக ஆட்டை இழுத்துப் போய் அடுத்த வாசலில் கட்டுவார்கள். ஒரு வீட்டில் அதற்கு மாலை போட்டார்கள், அடுத்த வீட்டில் மஞ்சள் தடவினார்கள். மிஸ் எல்லா வாசலிலும் அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். ஆடு கடைசியில் படுத்தே விட்டது. இதற்காக அந்தப் பெண்கள்மேல் எனக்கு ஒரு சொல் குற்றம் கிடையாது. பசிக்கு வாங்கியதை வாங்கினேன் என்று சொல்ல முடியாத இடத்தில் ஆட்டைத்தான் கட்ட வேண்டியிருந்தது.

எங்கள் வாசலுக்கு முன்னால் அத்தை ஓடி வந்தாள். ஜன்னலைச் சாக்குப் போட்டு மூடு, ஆட்டைக் கட்டுகிறேன் என்றாள். அம்மா வேண்டாம் என்றாள். அதற்குள் குடை தெரிந்துவிட்டது. அப்பா இஸ்தோப்பு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மிஸ் ஜன்னலைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். அம்மா, நிவாரணக் காசில் வாங்கினேன் என்றாள். மிஸ்ஸுக்குக் கோபம் வரவில்லை, வருத்தம் வந்தது. பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆடு வாங்கினால் தான் ஒன்றும் எழுத மாட்டேன் என்றார். இல்லையென்றால் அடுத்த மாதம் காசு வராது, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

அத்தை குறுக்கே விழுந்தாள். "மிஸ், அது சும்மா வாங்குனது இல்லீங்க. இந்தப் பொடியனுக்கு இழுப்பு. பொக போவணும்ல, அதுக்குத்தான்" என்று தம்பியைத் தூக்கி மிஸ்ஸின் முன்னால் நிறுத்தினாள். தம்பியும் சமயம் பார்த்து இருமினான். மிஸ்ஸின் முகம் தெளிந்தது. அப்படியென்றால் சரிதான், பிள்ளையின் சுகத்துக்கு என்று சொல்லிவிடலாம் என்றார். அப்பா மூலையிலிருந்து நிமிர்ந்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது. அம்மா தலையை ஆட்டினால் போதும்.

அம்மா ஆட்டவில்லை.

"இல்லீங்க மிஸ்" என்றாள். "பொக போனா நல்லதுதான். புள்ளைக்கு இருமல் நின்னா மாரியாத்தாளுக்குப் பொங்க வைக்கிறேன். ஆனா நான் அதுக்கு வாங்கல. எனக்கு வெளிய பாக்கணும்னு இருந்துச்சு. வேல முடிஞ்சு வந்து ஒக்காந்து, சும்மா பாக்கணும்னு."

மிஸ் புரியாமல் பார்த்தார். சும்மாவா என்று கேட்டார். ஆமாங்க, சும்மாதான் என்றாள் அம்மா. மிஸ் இன்னும் ஒரு தடவை, பிள்ளைக்காக என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுவதுபோலக் கேட்டார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள். அவ்வளவுதான். ஜீப் போய்விட்டது. அடுத்த மாதம் தபால் கந்தோரில் எங்கள் அம்மாவின் பெயரைக் கூப்பிடவில்லை. ஆட்டைக் காட்டியவர்களுக்கு மழை வரும்வரை காசு வந்தது.

அன்று அப்பா கத்தியதுபோல் நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லையா என்று கேட்டார். அதுவும் முழுப் பொய்கூட இல்லையே, பாதி உண்மைதானே என்றார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனதும், அம்மா அத்தை வீட்டுக்குப் போய் அலவாங்குக் கடப்பாரையை வாங்கி வந்தாள். சாமிப் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் மடியில் வைத்தாள். முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு பின்சுவரில் முதல் குத்துக் குத்தினாள்.

கருங்கல் லேசில் அசையவில்லை. கல்லுக்கு நடுவே இருந்த பழைய சுண்ணாம்பை நோண்டி நோண்டி எடுத்தாள். வீடு முழுக்கத் தூசி. தம்பியைத் தூக்கிக்கொண்டு அத்தை வாசலில் நின்று திட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு கல் கழன்று வெளிப்பக்கம் கானில் விழுந்த சத்தம் கேட்டது. அந்த ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்தது. நம் காம்பராவின் பின்பக்கத்திலிருந்து வெயில் வந்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அடுப்பிலிருந்து வந்துகொண்டிருந்த புகை கொஞ்சம் தயங்கி, திரும்பி, அந்த ஓட்டைப் பக்கம் போனது. தம்பி அதைப் பிடிக்க ஓடினான். திட்டிக்கொண்டிருந்த அத்தை வாயை மூடிக்கொண்டு, அவளும் உள்ளே வந்து கல்லை இழுத்தாள். மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து மண் குழைத்துச் சட்டத்தை நிறுத்தினார்கள். அது கோணலாக நின்றது. கடைசிவரைக்கும் கோணல்தான்.

திங்கட்கிழமை கணக்கப்பிள்ளை வந்தார். வீட்டுக்குள் வராமல் பின்பக்கக் கானில் நின்று, கைத்தடியால் சட்டத்தைத் தட்டி, தோட்டத்துச் சுவரை உடைத்தது யாரென்று கேட்டார். அப்பா இறங்கிப் போனார். அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாத அப்பா, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "நாந்தாங்க ஐயா" என்றார்.

அப்போது ஜன்னலில் அம்மாவின் தலை தெரிந்தது. கணக்கப்பிள்ளை கீழே நின்றதால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"அவரு இல்லீங்க ஐயா, நாந்தான் ஒடச்சேன்" என்றாள். "காசு புடிக்கிறதா இருந்தா என் சம்பளத்துல புடிங்க. எம்புட்டுப் புடிச்சீங்கன்னு பாக்க சம்பள மேசைக்கு நானே வாறேன்."

காம்பராவைப் பிடுங்கவில்லை. சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த மாதம் அம்மா குளித்து, திருவிழாச் சேலை கட்டி, சம்பள மேசைக்குப் போனாள். பெயரைக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்க் கையை நீட்டினாள். கொடுத்தவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வேறு பக்கம் பார்த்தார். அதன் பிறகு வேலையை விட்டு நிற்கும்வரை அம்மாவின் சம்பளத்தை வேறு கை வாங்கவில்லை. அத்தை அடுத்த மாதம் போனாள். அதற்கடுத்த மாதங்களில் யார் யார் போனார்கள் என்று உங்கள் உங்கள் அம்மாமாரை நினைத்துப் பாருங்கள்.

அந்த வருஷம் கஷ்டம் குறையவில்லை. நிவாரணமும் இல்லாமல், சம்பளத்திலும் பிடித்து, நாங்கள் பலாக்காயும் மரவள்ளிக் கிழங்கும் தின்றோம். பசியில் ஒரு நாள் அம்மாவைப் பார்த்து, ஜன்னலை அவித்துக் கொடு என்று கத்தினேன். முதுகில் ஒன்று வைத்தாள். நல்ல அடி. பெருமைக்காக இதையெல்லாம் மறைக்க மாட்டேன். தம்பியின் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததும் உண்மைதான். அதைப் பார்த்து லயத்தில் எல்லோரும், பிள்ளைக்காகத்தான் உடைத்தாள், தாய்ப்பாசம் என்று பேச ஆரம்பித்தார்கள். அம்மா காதில் விழுந்தால் திருத்துவாள். கடைசிவரை திருத்தினாள்.

அப்பா பல நாள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பிறகு ஒரு காலையில் எழுந்து பார்த்தால், சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரத்தில் மாட்டி, வெளிச்சத்தில் தாடையைத் திருப்பித் திருப்பிச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். இஸ்தோப்பில் இருட்டில் சவரம் பண்ணி எப்போதும் கீறிக்கொண்டிருந்த முகம் அன்று வழவழவென்றிருந்தது.

சாயங்காலம் மட்டும் ஜன்னல் அம்மாவுடையது. கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, இடுப்பில் சுற்றிய படங்குத் துணியை அவிழ்த்துப் போட்டு, பாலில்லாத சாயத் தண்ணியோடு அங்கே உட்காருவாள். கீழே பள்ளத்தாக்கு. தூரத்தில் கிராமத்து வயல். மலை வளைவில் பதுளை பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வரும். அந்த நேரம் நாங்கள் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். அடுப்பில் ரொட்டி கருகினாலும் திரும்ப மாட்டாள். அப்போது எனக்கு அது கோபமாக இருந்தது. எங்களையெல்லாம் விட்டுவிட்டு அப்படி என்ன இருக்கிறது அங்கே என்று எட்டிப் பார்ப்பேன். ஒன்றுமே இருக்காது. அம்மாவின் நாளில் எங்களுக்கென்று இல்லாமல், தோட்டத்துக்கென்று இல்லாமல் இருந்தது அந்தச் சாயத் தண்ணி ஆறுகிற நேரம் ஒன்றுதான். இது எனக்கு அவள் வயது வந்த பிறகுதான் தெரிந்தது.

மலை சரிந்து மீரியபெத்த தோட்டம் மண்ணுக்குள் போன பிறகு, நம் லயத்து மேட்டுக்கும் ஆபத்து என்று சொல்லி நம்மையும் கீழே இறக்கினார்கள், ஞாபகம் இருக்கும். புது வீடு, நாலு பக்கமும் கண்ணாடி ஜன்னல். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லா ஜன்னலும் அடுத்த வீட்டுக் கக்கூசைத்தான் பார்க்கிறது என்றாள். நீல ஜன்னலைக் கழற்றி எடுத்து வர நான் போனபோது யாரோ முந்திக்கொண்டார்கள். விறகுக்குப் போயிற்றோ, எந்த வீட்டில் இருக்கிறதோ. சுவரில் கோணலான ஓட்டை மட்டும் இருந்தது, அதன் வழியாகப் பஸ் வளைவு தெரிந்தது.

இப்போது வங்கி வாசலுக்கு வாருங்கள். நம்மில் ஒருவர் வாங்கிய டிவியை, எடுத்த பட்டுச்சேலையை எவராவது எதற்கு என்று கேட்டார்களா? வசதியுள்ளவன் வாங்கினால் ஆசை, இல்லாதவள் வாங்கினால் திமிரா? அன்று நீங்கள் கேட்டதும் அந்தச் சின்னப் பெண்ணின் முகம் எப்படிச் சிவந்தது என்று பார்த்தீர்களா? உடனே அவள், "இல்லீங்க, புள்ளைக்குப் பள்ளிக்கூடப் பாடம் அனுப்புறாங்க, அதுக்குத்தான்" என்று ஆரம்பித்தாள். இடுப்பில் இருந்த பிள்ளைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. எனக்கு அந்தச் செவலை ஆடு மாலை போட்டுக்கொண்டு வங்கி வாசலில் நிற்பதுபோல் தெரிந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"காரணம் சொல்லாத தாயி" என்றேன். "ஒன் காசு."

நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளிப் போனீர்கள். அதனால் அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியாது. அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "பாட்டுக் கேக்கத்தாங்க வாங்குனேன்" என்றாள்.